தறி நின்ற வாரம்

கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நின்ற ஏழாம் நாள்
ரவைக்குப் பன்னெண்டே கால் இருக்கும்
சோமனூரில் ஒரே ஒரு கொசு
என் மேசைக்கடியில்
விடாமல் ஒரே சுருதியில்.

இரண்டு முறை தட்டி அடித்தேன். சாகவில்லை.
திரையில் பனிமலை ஏறிக்கொண்டிருந்தவளை நிறுத்தி
மெனுவைத் திறந்தேன்.
கொசு கீச்சுக்குரலுக்கு ஏறியது.
மூடினேன், இறங்கியது.
கொசுவுக்கு என் மெனுவோடு என்ன ஜோலி?

கணபதியில் ஒரு பம்ப் கம்பெனி.
பேரிங் சோதிக்கிற மேசையில் எனக்கு ஒன்பது வருசம்.
ஸ்க்ரூடிரைவர் முனையை மோட்டார் மேல் ஊன்றி
கைப்பிடியைக் காதெலும்பில் வைத்தால்
எந்தக் குண்டு தேய்ந்ததென்று சொல்லிவிடுவேன்.
அந்தக் காதுக்குத்தான் சம்பளம்.
அந்தக் காதுதான் பதினாலு மாசமாக
சுற்றிலும் தறி ஓடும் இந்த வீட்டில்
செவிடாய் இருந்திருக்கிறது.

கிராபிக்ஸ் கார்டு. சீட்டெடுத்து வாங்கியது.
பெட்டி பிரித்த அன்றே பின்தகட்டைச் சுண்டிப் பார்த்தேன்.
உலோகம் 'ணங்' என்னும். இது 'டொக்' என்றது.
இரும்பு நிறம் பூசிய பிளாஸ்டிக்.
மூன்று விசிறி, இரண்டு கிலோ கனம்,
அத்தனையும் தாங்க ஓரத்தில் இரண்டே திருகாணி.
எங்களுக்கு வார்ப்புப் போடுகிறவர் இப்படிக் கொண்டுவந்திருந்தால்
கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.
இதற்கு மட்டும் முத்தம் கொடுத்தேன்.
ஒரே மாதத்தில் முனை தொங்கியது,
பாரம் ஏத்தின டெம்போ மாதிரி.
பக்கத்துக் குடோனில் காலியான நூல்கோன் ஒன்று கேட்டு வாங்கி
முட்டுக் கொடுத்தேன். நீலக் கோன்.
இன்னும் அதுதான் தாங்குகிறது.

பக்கப் பலகையைக் கழற்றினேன்.
விசிறிக்குப் பின்னே, தகடுகளின் இடுக்கெல்லாம்
பஞ்சு.
நகத்தால் ஒரு ஓரத்தை உரித்தேன்
கைக்குட்டை அளவுக்கு முழுசாக வந்தது,
யாரோ உட்கார்ந்து நெய்தது போல.
பாலக்காட்டுக் கணவாய் ஊருக்கே காற்று அனுப்புகிறது
இந்த ஆறு அங்குலத்துக்கு எட்டவில்லை.
எண்பத்தேழு டிகிரிக்குக் கொதிக்காமல் என்ன செய்யும்?

பிரஷ் போட்டுத் துடைத்து மறுபடி ஓட்டினேன்.
சூடு இறங்கியது. கொசு இறங்கவில்லை.
ஸ்க்ரூடிரைவரைக் கேஸ் தகட்டில் ஊன்றிக் காது வைத்தேன்.
முதல் விசிறி சுத்தம். மூன்றாவது சுத்தம்.
நடுவில் உள்ளது லேசாக உரசுகிறது, இருக்கட்டும்.
அதற்கும் கீழே, சன்னமாக,
வார்னிஷ் சரியாக இறங்காத வைண்டிங்கின் சிணுங்கல்.
இதை நான் தினமும் நாலு முறை நிராகரிக்கிறேன்.

யாரும் பார்க்காத மெனுப் பக்கத்தை
விநாடிக்கு எண்ணூறு தடவை வரைந்துகொண்டிருந்தது பாவம்.
அறுபது போதும் என்று கட்டினேன்.
ஊமையானது.
அப்புறம் சோமனூர் கேட்டது,
அதாவது ஒன்றுமே கேட்கவில்லை.
தொட்டிக் குழாய் சொட்டுவது தவிர.

கதவு தட்டினார்கள்.
பக்கத்து வீட்டுச் சாரதாமணி.
எட்டுத் தறி, எட்டிலும் பாதியில் நிற்கும் பாவு.
"ஏனம்மிணி, 'ரீங்'குனு ஒரு சத்தம் வந்துட்டிருந்துச்சே,
நிறுத்திப் போட்டியா?"
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"ஏழு நாளா கண்ணு மூடலே.
இப்பத்தான் அசந்தாப்புல வந்துச்சு,
அதுக்குள்ள நின்னுபோச்சு."

அது என்ன சத்தம் என்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
அறுபதை அவிழ்த்தேன்.
மூன்று விசிறியையும் நூற்றுக்கு ஏற்றினேன்.
நடு விசிறி உரசத் தொடங்கியது,
கொசு வந்து சேர்ந்துகொண்டது.
அவள் வீட்டுப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

கரண்ட் பில் வரட்டும், பார்க்கலாம்.
ஆள் ஏறாத பனிமலை
விடிய விடியத் திரையில் ஓடியது.
ஐம்பத்தெட்டு டிகிரி.
அதற்கு மேல் ஏறவே இல்லை.